கன்னத்தருகே ஒரு பட்டன்

சக்கர நாற்காலியின் தலைச்சாய்ப்பில் ஒரு பட்டன். கன்னம் லேசாகச் சாய்ந்தது, 'டக்'. திரையில் கார் பிரேக் பிடித்து நின்றது.

இன்று பார்த்த காட்சி.

அந்தப் பட்டனின் ஒயர் போய்ச் சேரும் இடம் எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர், மாற்றுத்திறனாளிகள் வீடியோ கேம் ஆட மைக்ரோசாஃப்ட் செய்த கருவி. 2018இல் வந்தது. பின்பக்கம் வரிசையாக 19 துளைகள், எல்லாம் இயர்போன் செருகும் அதே 3.5 மி.மீ. அளவு.

சுவிட்சை நாமே செய்துவிடலாம். 30 மி.மீ. ஆர்கேட் பட்டன் (விளையாட்டு மையங்களின் இயந்திரங்களில் இருக்கும் பெரிய பட்டன்), அந்தத் துளையில் செருக ஒரு மோனோ பிளக், இரண்டு இழை ஒயர். பட்டனுக்கு அடியிலுள்ள மைக்ரோசுவிட்சில் மூன்று முனைகள் இருந்தால் 'சி.ஓ.எம்.' (பொது முனை), 'என்.ஓ.' (அழுத்தினால் மட்டும் இணையும் முனை) இரண்டிலும் பற்றவையுங்கள். தவறி 'என்.சி.'யில் (அழுத்தாதபோது இணைந்திருக்கும் முனை) வைத்தால், தொடாமலே அழுத்தியபடி இருக்கும். பலரும் கன்ட்ரோலர் பழுது என்று நினைப்பது இதைத்தான்.

அதைவிடப் பெரிய தலைவலி பொருத்தும் இடம். ரொம்பக் கிட்டே வைத்தால் இருமினாலே அழுந்திவிடும். ஒரு விரற்கடை தள்ளினால் எட்டாது. அரை மணி நேரம் ஆடிக் களைத்தபின் தலை சரியும், அப்போது மறுபடி சரிபாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தை நம்பவே கூடாது.

இவ்வளவும் செய்தபின், 'பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இரு' என்று விளையாட்டு கேட்டால்?

ஒருமுறை தட்டினால் ஆன், மறுமுறை தட்டினால் ஆஃப். அந்த ஒரு தேர்வை செட்டிங்ஸில் வையுங்கள், விளையாட்டு செய்பவர்களே. கழுத்து வலிக்கிறது, தலையால் ஆடுபவர்களுக்கு.