ரிமாண்டின்போது தம்பி சொல்லாமல் விட்டது

2022-ல் ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும். எங்கள் வீட்டு வாசலில் வைத்து என் தம்பியைப் பிடித்தார்கள். தெருவில் நடந்த அடிதடி வழக்கில் அவன் பெயரும் இருந்ததாம். அவன் ஓடவில்லை. "எதுக்கு சார்?" என்று கேட்டான், அவ்வளவுதான். லத்தி இடது முழங்கையில் இறங்கியது. விழுந்தவனை இரண்டு பேர் மிதித்தார்கள். குறுக்கே போன அம்மாவைத் தள்ளிவிட்டார்கள். கைதாகிறவர் எதிர்த்தாலோ தப்ப முயன்றாலோதான் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் சொல்கிறது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

மறுநாள் அரசு மருத்துவமனையில் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லாமல் நலமாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். சாயங்காலம் ரிமாண்டுக்கு, அதாவது சிறையில் வைக்க உத்தரவு வாங்க, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். அவர் "போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்டார். தம்பி இல்லை என்று தலையாட்டிவிட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்த அப்பாவும் மகனும், ஜெயராஜும் பென்னிக்ஸும், இப்படித்தான் மருத்துவச் சான்று, ரிமாண்ட் எல்லாவற்றையும் தாண்டிக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். உயிரோடு திரும்பவில்லை. அந்த ராத்திரி நானும் அம்மாவும் தூங்கவில்லை.

எங்கள் வக்கீல் அம்மா முதலில் கேட்டது, "ஜெயில்ல உள்ள எடுக்கும்போது காயத்தை எழுதினாங்களா?" என்றுதான். எழுதியிருந்தார்கள். வரும்போதே இருந்த காயத்துக்கு நாளை தாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் சிறையில் இதைக் கவனமாகப் பதிவார்கள் என்றார். முழங்கையில் வீக்கம், முதுகில் கன்றிய தடங்கள். அந்த இரண்டு வரிகளை வைத்துத்தான் கோர்ட்டில் மனு போட்டோம். மறுபடி பரிசோதனை செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு.

போலீஸ் தரப்பு பதில், "தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்தார்." போலீஸ் பிடித்தவர்கள் கையில் மாவுக்கட்டோடு வரிசையாக நிற்கும் படங்களை முன்பெல்லாம் செய்தியில் பார்த்துக் கடந்து போனவள்தான் நான். இப்போது அந்த வரிசையில் என் தம்பி.

ஸ்டேஷன் கேமரா பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி நாலாம் நாளே மனு கொடுத்தோம். எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும், பதிவைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேமரா பழுது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதையும் பத்திரப்படுத்தினோம்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே புகார் எழுதினேன். கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். பிறகு வாய்தா, வாய்தா. நடுவில் தெரிந்தவர் ஒருவர் வந்து, "சமாதானமாப் போயிடும்மா, கேஸ்ல பேரை எடுத்துருவாங்க" என்றார். தம்பி தடுமாறினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அதே தெருவில்தானே அவன் நடக்க வேண்டும். அம்மாதான் முடியாது என்றாள்.

குறுக்கு விசாரணையில், "மாஜிஸ்திரேட் கேட்டப்ப ஏன் அடிக்கலைன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்கள். தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அவரு கேக்கும்போது, என்னை அடிச்சவரு என் தோள்ல கை போட்டுக்கிட்டு நின்னாருங்க" என்றான். எனக்கே அன்றுதான் தெரியும். "போலீஸை வெளியே நிக்கச் சொல்லிட்டுக் கேளுங்கய்யா" என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லலாம் என்பதை யாராவது அவனுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு, அதை அந்த அதிகாரியின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-லேயே சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லியிருக்கிறது. அந்த அதிகாரி பரிந்துரையை எதிர்த்து ரிட் மனு போட்டிருக்கிறார். அது நிலுவையில் இருக்கிறது. தம்பி பெயின்டர். இடது கையை முழுசாக நீட்ட முடியாததால் ஏணி வேலைக்கு இப்போது அவனைக் கூப்பிடுவதில்லை.