ப்ரோப் டாக்டர் கையில், ஸ்பூன் என் கையில்

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டி வளர்த்த ஊர் நம்முடையது. பக்கவாத வார்டில், பேச்சோடு விழுங்குவதையும் கவனிக்கிற ஸ்பீச் தெரபிஸ்டாகச் சேர்ந்த முதல் வருஷம் என் கணக்கும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது: இருமினால் ஆபத்து, இருமாவிட்டால் சரி. ஒரு பெரியவருக்கு ஸ்பூனில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், இருமல் இல்லை, குரலும் கரகரக்கவில்லை, வாய்வழியே கொடுக்கலாம் என்று எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரிந்தது. உணர்வு மரத்துப்போன தொண்டைக்காரருக்கு மூச்சுக்குழாய்க்குள் தண்ணீர் போனாலும் இருமல் வராமல் போகலாம் என்பது நான் படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதும்தான். அவர் பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் ரொம்ப நாள் தூக்கம் சரியில்லை.

உள்ளே பார்க்க வழி இல்லாமல் இல்லை. எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியத்தைக் கலந்து கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோ எடுக்கலாம், மூக்கு வழியாக கேமரா விடலாம். முதலாவது எங்களிடம் கிடையாது, இரண்டாவதற்கு இ.என்.டி. டாக்டர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அப்படித்தான் அல்ட்ராசவுண்டுக்கு வந்தோம்.

"ஸ்கேனா? அது மாசமா இருக்கறவங்களுக்கு எடுக்கறதாச்சே" என்று ஒரு அம்மா பதறினார். அவர் சொன்னதில் தப்பில்லை, 'இங்கு கருவின் பாலினம் கண்டறிந்து சொல்லப்படமாட்டாது' என்ற போர்டுக்குக் கீழேதான் அவர் வீட்டுக்காரரை வீல்சேரில் நிறுத்தியிருந்தோம். 1994ஆம் வருஷச் சட்டம் இது. அதனால் ஸ்கேன் மெஷினை நினைத்த இடத்துக்கு உருட்டிப் போக முடியாது, என்னைப் போன்றவர்கள் தொடவும் முடியாது. ஆகவே தோல்மேல் வைத்துப் பார்க்கிற ப்ரோப் டாக்டர் கையில், ஸ்பூன் என் கையில்.

தாடைக்கு அடியில் ஜெல் தடவி நீளவாக்கில் ப்ரோப்பை வைத்தால் திரையின் ஒரு ஓரத்தில் தாடை எலும்பின் கறுப்பு நிழல், இன்னொரு ஓரத்தில் ஹையாய்டு எலும்பின் நிழல். ஹையாய்டு என்பது வேறெந்த எலும்போடும் ஒட்டாமல் தசைகளில் தொங்கும் சின்ன லாடம். விழுங்கும்போது அது தாடையை நோக்கித் துள்ளி, உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். குரல்வளையையும் அது கூடவே தூக்குவதால்தான் மூச்சுக்குழாய் வாசல் மூடிக்கொள்கிறது. இவருக்கு அந்த நிழல் கொஞ்சம் நடுங்கி, பாதி தூரம் வந்து, திரும்பிவிட்டது. 2012இல் வந்த ஒரு தைவான் ஆய்வு எலும்பு நகரும் தூரத்துக்கு 1.5 செ.மீ.யைக் கீழ் எல்லையாக வைத்திருந்தது, டாக்டர் அளந்தபோது இவருக்கு அதில் பாதிகூட வரவில்லை. ப்ரோப்பைச் சற்று அழுத்திப் பிடித்தாலே எலும்பின் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் மூன்று முறை எடுத்துப் பார்த்தோம்.

இதை வைத்து எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எவ்வளவு அசைகிறது என்று காட்டுகிற அளவுக்கு, தண்ணீர் எங்கே கசிந்தது என்று இது காட்டுவதில்லை. அசைவு நன்றாக இருந்தும் கசிகிறவர்கள் உண்டு. கேமராப் பரிசோதனைக்கும் எழுதித்தான் அனுப்பினேன்.

ஆனால் ஒன்று, கதிர்வீச்சு இல்லாததால் வாராவாரம் எடுக்கலாம், வீட்டு ஆட்களைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டவும் செய்யலாம். அந்த அம்மா, சாப்பாட்டுக்கு மூக்கு டியூப் இருக்கும்போதே யாருக்கும் தெரியாமல் இரண்டு ஸ்பூன் காபி கொடுத்துக்கொண்டிருந்தவர். தண்ணியாக இருப்பதுதான் சுலபமாக இறங்கும் என்று நினைத்திருக்கிறார். கஞ்சியைவிடத் தண்ணீரும் காபியும்தான் வேகமாக ஓடி, வாசல் மூடுமுன் உள்ளே போய்விடும் என்று நான் எத்தனை தடவை சொல்லியும் ஏறவில்லை. பாதியில் திரும்பிய அந்த நிழலைப் பார்த்த அன்றோடு காபி நின்றது.

நாலாவது வாரம் டாக்டர் அளவெடுக்கும் முன்பே, "இன்னிக்கு நல்லா முன்னாடி வந்துடுச்சு பாருங்க" என்றார் அந்த அம்மா. வந்துதான் இருந்தது. கேமராவிலும் பார்த்துவிட்டு, கெட்டியான கூழ் பதத்தில் எதுவானாலும் கொடுத்துப் பார்க்கலாம் என்றோம்.

"அப்போ காபி?"

"மாவு கலந்து கெட்டியாக்கித்தாம்மா."

அவர் வீட்டுக்காரர் குழறலாக, ஆனால் எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னார்: "அதுக்கு டியூப்பே இருக்கட்டும்."