“நீங்க என்ன நினைக்கிறீங்க, மேடம்?”

குழுவின் முடிவைக் குடும்பத்திடம் ஒரே குரலில்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவில் எழுதாத சட்டம். நான் அதற்கு எதிரி அல்ல. பிசியோதெரபிஸ்ட் ஒன்று சொல்லி, டாக்டர் வேறு சொன்னால், ஏற்கெனவே அலைந்து ஓய்ந்த வீட்டுக்காரர்கள் யாரை நம்புவார்கள்? ஆனாலும் அந்த டீ மாஸ்டரின் மனைவி கேட்ட கேள்வி என்னை விடவில்லை.

பைக்கிலிருந்து விழுந்ததில் அவருடைய கணவருக்கு மூளையின் முன்பகுதியில் ரத்தக்கட்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அவர்கள் பணம் கட்டவில்லை. உயிர் பிழைத்தார். அதற்குப் பிந்தைய மாதங்கள்தான் எங்களிடம் வருபவை. கடை பூட்டிக் கிடந்தது, வாடகை ஏறிக்கொண்டிருந்தது.

பயிற்சிச் சமையலறையில் டீ போடச் சொன்னேன். அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் என் துறையான ஆக்குபேஷனல் தெரபியில் இது வழக்கமான சோதனைதான். வடிகட்டியைத் தட்டி, கையை உயர்த்தி ஆற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கை பழகிய வேலை மூளையில் வேறோர் இடத்தில் பத்திரமாக இருந்தது. பிசியோதெரபிஸ்ட்டுக்கு அதில் நல்ல பேலன்ஸ் தெரிந்தது. பேச்சுப் பயிற்சியாளர் வாசலில் நின்று “ரெண்டு டீ, ஒரு காபி, ஒண்ணுல சர்க்கரை கம்மி” என்றதும் எல்லாம் குழம்பியது. பால் பொங்கி அடுப்பில் வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அணைக்கக் கை போகவில்லை. உளவியலாளர் குறித்துக்கொண்டது அதை.

மைத்துனர் ஆர்டரையும் கல்லாவையும் பார்க்கட்டும், கூட்டமில்லாத நேரத்தில் இவர் டீ மட்டும் ஆற்றட்டும் என்று குழுக் கூட்டத்தில் சொன்னேன். மறுவாழ்வு மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை. வார்டில் ஒருமுறை வலிப்பு வந்திருக்கிறது. கொதிக்கும் பாய்லர் பக்கத்தில் மறுபடி வந்தால்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று மாதம் கடை வேண்டாம் என்று முடிவானது. அந்த அம்மாவிடம் அதிகம் பேசியவள் என்பதால் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது.

“எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவும்மா.”

“சரி மேடம். நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“நானும் அந்த டீம்லதாம்மா இருக்கேன்.”

தலையாட்டிவிட்டு, மாத்திரைச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

அது பொய் இல்லை. என் கருத்தைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பாய்லரைப் பற்றவைத்திருப்பார்கள், டாக்டரின் எச்சரிக்கை காற்றில் போயிருக்கும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர் என்னிடம் அனுமதியா கேட்டார்? இப்படி ஒரு வழி உண்டு, அதில் இன்ன ஆபத்து உண்டு என்று நாங்கள் வாதாடியதில் ஒரு வார்த்தைகூட அவர் காதுக்குப் போகவில்லை. வாடகை கட்டுகிறவர் அவர். குடும்பமும் குழுவில் ஓர் ஆள் என்று மாணவர்களுக்கு நானே சொல்லித்தருகிறேன். அந்த வாதம் நடந்த அறையில் அவருக்கு நாற்காலி போடவில்லை.

மறுபரிசோதனைக்கு வந்தபோது, கணவர் ஒரு மாதமாகவே மாலையில் கடையில் டீ ஆற்றுகிறார் என்று சொன்னார்கள். மைத்துனர் பக்கத்திலேயே நிற்கிறாராம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வலிப்பு வரவில்லை. அதனால் நான் நினைத்தது சரி என்றாகிவிடாது. மாத்திரை காப்பாற்றியிருக்கலாம், அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். டாக்டர் கடிந்துகொண்டார். நான் மைத்துனரைத் தனியே கூப்பிட்டு, முதலில் கேஸை மூடச் சொல்லி, வலிப்பு வந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது என்று செய்துகாட்டினேன். இதை முடிவு எடுத்த அன்றே செய்துகாட்டியிருந்தால் குழுவை மீறியதாகுமா என்பதில் எனக்கும் மறுவாழ்வு மருத்துவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.