ட்ரோலிங் மோட்டார் இழுக்கவில்லை: பழுதைத் தேடிப் பிடித்துச் சரிசெய்த அனுபவம்

என்னிடம் இருப்பது சின்ன ஃபைபர் படகு. அதன் பின்பலகையில் மாட்டியிருப்பது 12 வோல்ட்டில் ஓடும், 55 பவுண்டு உந்துவிசை கொண்ட, ஐந்து வேக ட்ரோலிங் மோட்டார் (பேட்டரியில் ஓடி, ப்ரொப்பெல்லரால் படகை மெதுவாக நகர்த்தும் மோட்டார்). சத்தமில்லாமல் மீன் இருக்கும் இடத்துக்குப் போய் நிற்க இதைவிட நல்ல சாதனம் எனக்குத் தெரியாது. அந்த மோட்டார் மெல்ல மெல்ல வலுவிழந்தது. ஐந்தில் வைத்தாலும் மூன்றில் போவதுபோலத்தான் படகு நகர்ந்தது. எதிர்காற்றில் திருப்பினால் நின்ற இடத்திலேயே நிற்கும்.

விசாரித்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, "பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க" என்பதுதான். பேட்டரி சும்மா கிடைக்கிற பொருள் இல்லை. அளந்து பார்க்காமல் மாற்ற எனக்கு மனம் வரவில்லை. மோட்டாரைக் கழற்றிப் பிரிக்கவும் அவசரப்படவில்லை. பேட்டரியில் தொடங்கி லக் (வயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோக வளையம்), வயர், பிரேக்கர், பிளக், சுவிட்ச், பிரஷ் (சுழலும் பாகத்துக்குக் கரண்ட் தரும் கார்பன் கட்டை), ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் செம்புச் சுருள் பாகம்), ப்ரொப்பெல்லர் என்று கரண்ட் போகிற வழியிலேயே நானும் போவது என்று முடிவு செய்தேன்.

முழுசாக சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் பேட்டரி 12.7 வோல்ட் காட்டியது. ஈய அமில பேட்டரிக்கு அது நிறைந்த அளவு. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியாக இருந்தால் 13 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும், இரண்டையும் ஒரே கணக்கில் பார்க்கக் கூடாது.) ஆனால் சும்மா இருக்கும்போது எடுத்த வோல்ட்டேஜை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியும் லோடு இல்லாதபோது நல்ல பிள்ளையாக 12.6 காட்டும். அதனால் படகைக் கரையோடு இறுகக் கட்டி, மோட்டாரைத் தண்ணீரில் இறக்கி, ஐந்தில் ஓடவிட்டு மறுபடி அளந்தேன். பேட்டரியின் ஈய முனையிலேயே மீட்டர் முள்ளை வைத்தால் 12.1. அதாவது பேட்டரியில் குறை இல்லை. மோட்டாரின் வயர் வந்து சேரும் பிளக்கில் வைத்தால் 10.6. வழியிலேயே ஒன்றரை வோல்ட் காணாமல் போயிருந்தது.

அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஒரு எளிய முறை உண்டு. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், இன்னொன்றை பிளக்கின் பாசிட்டிவிலும் வையுங்கள். பாசிட்டிவ் பக்கத்தில் எவ்வளவு விழுகிறதோ அது நேரடியாகத் தெரியும். எனக்கு 0.3 வந்தது. அதையே நெகட்டிவ் பக்கம் செய்தால் 1.2. பிரேக்கரும் ஃபியூஸும் பாசிட்டிவில் இருப்பதால் எல்லோர் கவனமும் அங்கேதான் போகும். போன கரண்ட் அத்தனையும் நெகட்டிவ் வயர் வழியாகத்தான் திரும்பி வந்தாக வேண்டும் என்பது மறந்துபோகும்.

நெகட்டிவ் லக் வெளியே பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் ஓடவிட்டு நிறுத்தியதும் விரலை வைத்தால் வைக்க முடியவில்லை. கணக்குப் போட்டால் காரணம் புரியும்: 45 ஆம்பியர் ஓடும் இடத்தில் 1.2 வோல்ட் விழுந்தால் 54 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு அந்தச் சின்ன வயர் முனையில் இறங்குகிறது. மேலே சுருக்கியிருந்த பிளாஸ்டிக் குழாயை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் கறுத்து, களிம்பேறி, விரலால் தேய்த்தாலே பச்சைத் தூளாக உதிர்ந்தன. லக்கோடு சேர்த்துக் கறுத்த பகுதி முழுவதையும் வெட்டி எறிந்தேன். நல்ல செம்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். கறுத்த இழையின் மேல் புது லக் அடித்தால் சில நாளில் பழைய கதைதான். வெள்ளீயம் பூசிய இழை வயர், நன்றாக நசுக்கிப் பொருத்திய லக், அதன்மேல் உள்ளே பசை உருகும் வகைச் சுருக்குக்குழாய் என்று செய்துகொண்டேன். பேட்டரி முனையிலிருந்த சிறகு நட்டையும் எடுத்துவிட்டு, நைலான் வளையம் வைத்த நட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். படகின் அதிர்வில் சிறகு நட்டு தானாகவே தளர்ந்துவிடும்.

வயரின் கனத்தையும் சொல்லிவிடுகிறேன். போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்று வைத்தால், 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 50 ஆம்பியருக்குச் சுமார் 0.3 வோல்ட் விழும். 6 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.9 வரை விழும். வீட்டு வயரிங்குக்கு வாங்கி மிஞ்சியதை நீட்டிப் போட்டுவிட்டு மோட்டாரைக் குறை சொல்வது நியாயமில்லை.

லக்கை மாற்றியதும் மோட்டாருக்கு உயிர் வந்தது. அதோடு இன்னொரு தொல்லையும் வெளியே வந்தது: ஐந்தில் கொஞ்ச நேரம் ஓடினாலே 50 ஆம்பியர் பிரேக்கர் விழுந்தது. லக்கில் இருந்த தடை இவ்வளவு நாளும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தி, உள்ளே இருந்த இரண்டாவது பழுதை மறைத்து வைத்திருந்தது. வயர் சரியானதும் மோட்டாருக்கு முழு வோல்ட்டேஜ் கிடைத்து, கேட்டதையெல்லாம் இழுக்க ஆரம்பித்துவிட்டது. இந்த நேரத்தில் பலரும் பிரேக்கரைப் பெரிதாக மாற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிரேக்கர் காப்பாற்றுவது வயரை. அதைப் பெரிதாக்கினால் அடுத்து எரிவது வயர்தான், அதுவும் தண்ணீருக்கு நடுவில்.

ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மிகக் குறைந்த நேரம் வெறுமனே ஓட்டி கிளாம்ப் மீட்டரில் (வயரைக் கவ்விப் பிடித்துக் கரண்ட்டை அளப்பது) பார்த்தேன். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டராக இருக்க வேண்டும். சாதாரண மீட்டர்கள் பல ஏ.சி. மட்டும்தான் அளக்கும். ஒற்றை இலக்கத்தில் நிற்க வேண்டிய கரண்ட் 14 ஆம்பியர் காட்டியது. ப்ரொப்பெல்லருக்குப் பின்னாலேயே விடையும் இருந்தது. தண்டைச் சுற்றித் தூண்டில் நரம்பு உருகி இறுகி, கறுப்பு மோதிரம்போல் சீலுக்குள் (தண்டு வழியே தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) பாதி புதைந்திருந்தது. பின்னல் நரம்பு மெல்லியது, அறுபடாதது. சுழற்சியில் சீலின் உதட்டை அரம்போல் அறுத்துவிடும். சீல் போனால் உள்ளே தண்ணீர்.

இனி பிரிக்காமல் வழியில்லை. பேட்டரியைத் துண்டித்து, உறையின் மூட்டுகளுக்குக் குறுக்கே மார்க்கரால் கோடு போட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு, நீளமான இரண்டு போல்ட்டுகளையும் திருப்பினேன். வராத போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருந்தால் பெரும்பாலும் வந்துவிடும். முன்மூடி விலகியதும் கறுப்புத் தண்ணீர் கொட்டியது. பிரஷ்ஷிலிருந்து தேய்ந்த கார்பன் தூளும் தண்ணீரும் கலந்து சேறாகி, பிரஷ் தட்டு முழுக்கப் பூசியிருந்தது. கார்பன் கரண்ட் கடத்தும். அந்தச் சேறு பாசிட்டிவையும் நெகட்டிவையும் இணைத்துக்கொண்டு சும்மாவே கரண்ட்டைக் குடித்தது. மீதியைத் துருப்பிடித்த பேரிங்கின் உரசல் குடித்தது.

உள்ளே இருப்பதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. 1934-ல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் செய்த ஆரம்பகால ட்ரோலிங் மோட்டார், ஃபோர்ட் மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டு உருவானது. இன்றும் சாதாரண மாடல்களின் உள்ளே ஏறக்குறைய அதே சமாச்சாரம்தான்: கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்புப் பட்டைகள் கொண்ட உருளை), ஆர்மேச்சர்; சுற்றிலும் மட்டும் கம்பிச் சுருளுக்குப் பதிலாக நிரந்தரக் காந்தம். ஆட்டோ எலக்ட்ரீஷியன் யாருக்கும் இது பழகிய வேலை.

எல்லாவற்றையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவினேன். கம்யூட்டேட்டரை மிக மெல்லிய உப்புத்தாளால் சுற்றித் துடைத்தேன். எமரி வேண்டாம், அதன் துகள் கரண்ட் கடத்தும் என்பதால் பட்டைகளுக்கு இடையில் சிக்கினால் ஆபத்து. அந்த இடுக்குகளை மூங்கில் குச்சியைச் சீவிக் கிளறிச் சுத்தம் செய்தேன். பிறகு மீட்டர். அடுத்தடுத்த பட்டைகளுக்கு நடுவே சுற்றிவர ஒரே மாதிரி மிகக் குறைந்த தடை வர வேண்டும், வந்தது. பட்டைக்கும் தண்டுக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. எனக்குச் சில கிலோ ஓம் காட்டியது. ஆர்மேச்சர் போய்விட்டது என்று அங்கேயே கைகழுவாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்து மறுபடி அளந்தேன். தொடர்பு அற்றுப்போயிருந்தது. ஈரம்தான் அந்தப் பொய்க்கணக்கைக் காட்டியது. காய்ந்த பிறகும் தொடர்பு காட்டியிருந்தால் ஆர்மேச்சரை மாற்றத்தான் வேண்டும்.

பிரஷ், ஸ்ப்ரிங், பேரிங், சீல், ஓ-ரிங் அத்தனையும் புதிது போட்டேன். போல்ட் தலைக்கு அடியில் இருக்கும் குட்டி ஓ-ரிங்கையும் விடக் கூடாது. அது வழியாகவும் தண்ணீர் இறங்கும். பழைய சீலை நெம்பி எடுக்கும்முன் அதன் உதடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். புது சீலை, அதன் வெளிவிட்டத்துக்கு ஒத்த சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்கலாம். தண்டில் ப்ரொப்பெல்லர் பின் நுழையும் துளையின் விளிம்பு கூராக இருக்கும். அதன்மேல் டேப் சுற்றி, கிரீஸ் தடவித்தான் சீலுக்குள் தண்டை நுழைத்தேன். இல்லாவிட்டால் புது சீல் அங்கேயே கிழியும். கிரீஸ் சீலுக்கு மட்டும்தான், கம்யூட்டேட்டர் பக்கம் ஒரு பொட்டுகூடப் படக் கூடாது.

திரும்பப் பூட்டும்போது காந்தம் ஆர்மேச்சரை வெடுக்கென்று இழுக்கும். விரல் நசுங்கும், பிரஷ்ஷும் உடையும். பிரஷ்களை மெல்லிய கம்பியால் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, கம்யூட்டேட்டர் முனையை முதலில் பிரஷ் தட்டுக்குள் உட்காரவைத்துக் கம்பியை உருவிவிட்டு, தண்டைப் பிளையரால் விடாமல் பிடித்தபடி காந்த உறையை மேலே நகர்த்தினேன்.

மேல்தலையை (குழாயின் உச்சியில் சுவிட்ச் இருக்கும் பெட்டி) மாட்டும்முன் கசிவுச் சோதனை. கீழ் மோட்டாரை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குழாயின் மேல்முனையில் வயரைச் சுற்றி டேப்பால் அடைத்து, ஒரு ரப்பர் டியூபைச் செருகி வாயால் ஊதினேன். மோட்டார் இருப்பது சுமார் அரை மீட்டர் ஆழத்தில். அந்த அழுத்தத்துக்கு மூச்சுக்காற்றே போதும். கம்ப்ரஸர் வைத்தால் சீலே பிதுங்கிவிடும். குமிழி ஒன்றும் வரவில்லை.

ப்ரொப்பெல்லர் இல்லாமல் இப்போது 5 ஆம்பியருக்குள் நின்றது. படகில் மாட்டி ஐந்தில் நீண்ட நேரம் ஓட்டியும் பிரேக்கர் விழவில்லை.

உங்கள் ஐந்து வேக மோட்டார் ஐந்தில் மட்டும் ஓடி, ஒன்று முதல் நான்கு வரை ஓடவில்லை என்றால் பேட்டரியையோ பிரஷ்ஷையோ தேட வேண்டாம். ஐந்தில் முழு வோல்ட்டேஜ் நேராகப் போகிறது. மற்ற வேகங்களுக்கு இடையில் தடைச் சுருள் உண்டு, அதுதான் எரிந்திருக்கும். மோட்டார் சுற்றியும் படகு நகரவில்லை என்றால் ப்ரொப்பெல்லர் பின் உடைந்திருக்கும். மாற்று பின் ஒன்றும் நட்டு ஒன்றும் எப்போதும் என் பெட்டியில் இருக்கும். வேகத்தைப் படிப்படியாக இல்லாமல் சீராகக் கூட்டிக் குறைக்கும் மாடல்களில் தலைக்குள் எலக்ட்ரானிக் போர்டு இருக்கும். கீழ் மோட்டாரின் இரண்டு வயரையும் கழற்றி, ஃபியூஸ் வழியாக நேராக பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். மோட்டார் நன்றாக ஓடினால் குறை தலையில் இருக்கிறது, கீழே பிரிக்கவே வேண்டாம்.