காயின் செல்லுக்கு ஏற்ற ரீசெட் சிப்பைத் தேடியபோது

ஃபிரிட்ஜுக்குள் வைக்க ஒரு வெப்பநிலைப் பதிவுக் கருவி செய்துகொண்டிருந்தேன். ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர், ஒரு சென்சார், ஒரு சிஆர்2032 காயின் செல். அவ்வப்போது விழித்து, அளந்து, ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) எழுதிவிட்டுத் தூங்கிவிடும். செல் தீரும் தறுவாயில் மின்னழுத்தம் சரிந்திருக்கும்போது எழுதினால் ஈஈப்ராமில் இருப்பது கெட்டுப்போகும். அதைத் தடுக்க மின்னழுத்தக் கண்காணிப்பு தேவை.

மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் கன்ட்ரோலரை நிறுத்திவைக்கும் ப்ரௌன்-அவுட் வசதி ஏடிமெகாவுக்குள்ளேயே இருக்கிறதே என்று கேட்கலாம். 1.8, 2.7, 4.3 வோல்ட் என்று அதில் மூன்று நிலைகள். 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கன்ட்ரோலருக்கு 1.8 போதாது. 2.7 என்று போட்டிருப்பது சிப்புக்குச் சிப் 2.5 முதல் 2.9 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது டேட்டாஷீட். குளிரில் காயின் செல்லின் மின்னழுத்தம் எப்படியும் கொஞ்சம் இறங்கும். எல்லை 2.9-இல் அமைந்துவிட்டால் பாதி செல் வீண். சரி, இதே வேலையைச் செய்யும் தனி ரீசெட் சிப்பை வெளியே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இந்த வேலைக்கு எல்லோரும் முதலில் சொல்வது 809 என்ற எண்ணில் வரும் சிப். 2.63 வோல்ட் எல்லை கொண்ட 'ஆர்' வகை எனக்குப் பொருந்தியது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்டேன், எடுத்துக் கொடுத்தார். "அண்ணே, இது எந்த கம்பெனி?" என்றதற்கு, "எல்லாம் 809 தாம்பா" என்று பதில் வந்தது. அரிசி மணி அளவுள்ள அந்தப் பொட்டலத்தின் மேல் இரண்டு மூன்று எழுத்துகளில் ஒரு குறியீடு மட்டும்தான். அதை வைத்துத் தயாரிப்பாளரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சிக்கலே அங்கேதான். எல்லா 809-க்கும் கால்கள் ஒரே மாதிரி, வேலையும் ஒரே மாதிரி, ஆனால் குடிக்கும் மின்னோட்டம் வேறு. வழக்கமான மதிப்பாக எஸ்டிஎம்809-க்கு 6 மைக்ரோஆம்பியர், வேறொரு 809-க்கு 17, எம்சிபி809-க்கு 45 என்று டேட்டாஷீட்டுகள் சொல்கின்றன. சுவரில் செருகி ஓடும் கருவிக்கு இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. 220 மில்லிஆம்பியர்-மணி செல்லில் கணக்குப் போட்டால் கதை வேறு. 6 மைக்ரோ என்றால் நான்கு வருடம் தாண்டும், 17 என்றால் ஒன்றரை வருடம், 45 என்றால் ஏழு மாதம்கூட வராது. கன்ட்ரோலரோ தூக்கத்தில் ஒரு மைக்ரோவுக்கும் கீழே. காவல்காரன் சம்பளம் முதலாளி வருமானத்தைவிட அதிகம்!

அப்புறம் டேட்டாஷீட்டுகளை வரிசையாகத் திறந்து உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுவது பெரும்பாலும் 25 டிகிரியில் எடுத்த வழக்கமான மதிப்பு. வாங்குகிறவருக்கு வேண்டியது உள்ளே அட்டவணையில் இருக்கும் உச்ச மதிப்பும், அது எந்த வெப்பநிலைக்கு, எந்த மின்னழுத்தத்துக்கு என்பதும். இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டால் ஏமாற்றம்தான். குறைவாகக் குடிக்கும் வேறு இரண்டு ரீசெட் சிப்புகளைப் பாருங்கள். எம்சிபி112-இன் 1.75 மைக்ரோ உச்ச மதிப்பு. டிபிஎஸ்3839-இன் 150 நானோஆம்பியர் வழக்கமான மதிப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் என்று சொல்வது நியாயமில்லை. ஆனாலும் என் செல்லுக்கு இரண்டுமே தாராளம். ஒரு மைக்ரோவுக்குக் கீழே போனபின் செல் தானாகவே இழக்கும் சார்ஜும் கணக்கில் சேரும்.

நான் டிபிஎஸ்3839-ஐ எடுத்தேன். அதன் வெளியீடு புஷ்-புல், அதாவது ரீசெட் கம்பியை மேலேயும் கீழேயும் தானே தள்ளும். கீழே மட்டும் இழுக்கும் ஓப்பன்-டிரெயின் வகையில், கம்பியை மேலே பிடித்துவைக்கப் புல்-அப் ரெசிஸ்டர் வேண்டும். சாதாரண நேரத்தில் அதில் செலவில்லை. சிப் ரீசெட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கும்போது 10 கிலோஓம் வழியே 250 மைக்ரோ ஓடும். டேட்டாஷீட்டின் சப்ளை மின்னோட்டத்தில் இந்தக் கணக்கு வராது. தீர்ந்துபோன காயின் செல்லைத் தூக்கிப் போட்டுவிடலாம், லித்தியம் அயன் பேட்டரியாக இருந்தால் வெறுமையானதை மேலும் உறிஞ்சிக் கெடுத்துவிடும். புஷ்-புல் போட்டாலும் ஏடிமெகாவின் ரீசெட் காலில் உள்ளேயே 30 முதல் 60 கிலோஓம் புல்-அப் இருப்பதையும், ரீசெட்டின்போது அதன் வழியே மின்னோட்டம் ஓடும் என்பதையும் மறக்கக் கூடாது.

அளப்பது தனி வேலை. மலிவு மல்டிமீட்டரின் 200 மைக்ரோ ரேஞ்சில் கடைசி இலக்கமே 100 நானோ. 150 நானோவை அதில் பார்த்து என்ன நம்புவது? அதனால் சிப்புக்குப் போகும் வழியில் தொடராக 100 கிலோஓம் வைத்து, அதன் குறுக்கே மில்லிவோல்ட் பார்த்தேன். 15 மில்லிவோல்ட் காட்டினால் 150 நானோ. சிப்பின் பக்கம் ஒரு செராமிக் கெபாசிட்டர். எலக்ட்ரோலைட்டிக் போட்டால் அதன் கசிவே சிப்பைவிட அதிகமாக இருக்கும். மீட்டரின் உள்தடை 10 மெகாஓம் என்பதால் ஒரு சதவீதம் பிழை வரும், போகட்டும்.

கடையில் வாங்கிய 809-க்கு இதே 100 கிலோஓம் சரிவராது. 17 மைக்ரோவுக்கு 1.7 வோல்ட் அதிலேயே விழுந்து சிப் ரீசெட்டுக்குள் போய்விடும். 10 கிலோஓம் போட்டேன், 170 மில்லிவோல்ட்டுக்கு அருகில் காட்டியது. டிபிஎஸ்3839-க்கு முதலில் வாசிப்பு நிலையில்லாமல் ஆடியது. சால்டர் பண்ணிய இடத்தில் ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை) படிந்திருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தேய்த்துக் காயவிட்டதும் 16 மில்லிவோல்ட்டில் நின்றது.

809-கள் வீணாகவில்லை. சுவர் அடாப்டரில் ஓடும் ரிலே போர்டுகளில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.