வாயில வைக்காதீங்கன்னு சொன்னது

எங்க மியூசியத்துல இருக்குற பழைய கொம்பு அகப்பையப் பாக்க வந்த, அலாஸ்காவோட திளிங்கிட் பழங்குடியைச் சேர்ந்த அம்மா ஒருத்தர் அத கையில எடுத்து ஒரு சுத்து திருப்பிப் பாத்துட்டு அப்படியே உதட்டுக்கிட்ட கொண்டு போனாங்க, நான் சட்டுன்னு "வேணாம்மா, வாயில வைக்காதீங்க, ஆர்செனிக் இருக்கு"ன்னு சொல்லிட்டேன். சொல்லாம விட்டிருக்க முடியுமா? முடியாது. டெஸ்ட் ரிசல்ட் என் கையிலயே இருந்துச்சு. பூச்சி அரிக்காம இருக்க அந்தக் காலத்துல மியூசியங்கள்ல போட்ட விஷம், கழுவினாலும் முழுசா போயிடும்னு யாரும் உத்தரவாதம் குடுக்க மாட்டாங்க.

அதுக்கு அவங்க கேட்டதுதான் போக மாட்டேங்குது. "அப்ப விருந்தாளிங்களுக்கு எப்படிப் பரிமாறுறது?"

நான் "இதுல முடியாதும்மா"ன்னேன். அவங்க கூட வந்த தங்கச்சி மகன்கிட்ட திளிங்கிட் மொழில ஏதோ சொன்னாங்க, அவ்ளோதான்.

அலாஸ்காவோட தென்கிழக்குக் கரை திளிங்கிட் மக்களுக்கு அது வெறும் சமையல் சாமான் இல்லன்னு எனக்குத் தெரியும். டால் செம்மறிங்குற காட்டு ஆட்டோட கொம்ப வேகவச்சு இளக்கி, விரிச்சு, மர அச்சுல அழுத்தி செஞ்ச அகப்பை. சின்ன கரண்டின்னா கறுப்பா இருக்குற மலையாட்டுக் கொம்புதான் கைப்பிடி, அதுல குலச்சின்னம் ஒண்ணுமேல ஒண்ணா ஏறி நிக்கும், சிலதுல குழிவுப்பக்கத்த தனியா செஞ்சு செம்பு ஆணி அடிச்சு சேத்திருப்பாங்க. அவங்க சமூகம் அண்டங்காக்கை, கழுகுன்னு ரெண்டு தரப்பா இருக்கும்; அண்டங்காக்கை தரப்புல ஒருத்தர் செத்தா ஈமக்காரியமெல்லாம் கழுகு தரப்பு செய்யும், அப்புறம் துக்க வீட்டுக்காரங்க கூஈக்னு ஒரு நினைவு விருந்து வச்சு அந்த எதிர்த்தரப்புக்கு சோறு போட்டு, பரிசு குடுத்து கடன் தீப்பாங்க. சால்மன், பெர்ரி, சீல் எண்ணெய். செத்தவங்க பேரச் சொல்லி அவங்க பங்க நெருப்புல போடுவாங்க. க்ளுக்வான் ஊர்ல திமிங்கல வீடுங்குற குலவீட்டுக்கு புழுத்தட்டுன்னு ஒரு பெரிய விருந்துத் தட்டு உண்டு, கிட்டத்தட்ட 14 அடி நீளம். அந்த வீட்டோட செதுக்கின தூண்களும் மரத்திரையும் 1984ல வெளிய போயி 1994ல திரும்பி வந்துச்சு, அதுங்க இல்லாத பத்து வருஷம் அந்த வீட்டுக்கு என்னவா இருந்திருக்கும்!

அப்படிப்பட்ட பாத்திரத்துல பரிமாற முடியாதுன்னா அது வெறும் சுகாதார விஷயமா? எனக்கு அது உயிர் விஷயம், வந்து உக்காந்த விருந்தாளி வயித்துக்குள்ள விஷம் போகக்கூடாது, விருந்து வைக்கிற யாரும் இத ஒத்துக்குவாங்க. ஆனா அந்த விஷத்தப் போட்டது அவங்க இல்லயே. பரிமாற முடியாதுன்னு அவங்ககிட்ட சொல்ற இடத்துல நான் எப்படி வந்து நின்னேன்? நான் போடல, நான் பொறக்குறதுக்கு முன்னாடியே போட்டாச்சு, இத எத்தனை தடவ சொல்லிக்கிட்டாலும் மனசு ஆற மாட்டேங்குது.

கடைசியில அந்த அகப்பைய விருந்துக்கு இரவலா குடுத்து அனுப்பினோம். விருந்துல அத தூக்கிக் காட்டி, யாரோடதுன்னு சொல்லி, சாப்பாட்ட வேற அகப்பையால பரிமாறினதா அந்தத் தங்கச்சி மகன் போன்ல சொன்னார். நல்ல ஏற்பாடுதான்னு தோணுது. அவங்க கேட்ட "எப்படி"க்கு பதில அவங்களே கண்டுபிடிச்சுக்கிட்டாங்க, எங்ககிட்ட இருந்து போகல. இப்ப கொம்பு சாமான் பாக்க யாராவது தேதி கேட்டா ரிசல்ட்ட முன்னாடியே அனுப்பிடலாம்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன். ஆனா லெட்டர்ல படிக்கிறது நேர்ல கேக்குறத விட லேசா இருக்குமான்னு எனக்கு நிச்சயமில்ல.