சாட்ஸ்வொர்த்தில் ஆடிக் கூழ்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகருக்குத் தெற்கே இசிபிங்கோவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1870-இல் எழுந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தம் போட்டு அழைத்து வரப்பட்ட நம் சனங்கள் முதல் கப்பலிலிருந்து இந்த மண்ணில் கால் வைத்தது 1860 நவம்பர் 16. முதல் வருஷம் சம்பளம் மாதத்துக்குப் பத்து ஷில்லிங். அந்தக் கூலியில் வயிற்றைக் கழுவிக்கொண்டு, பத்து வருஷத்துக்குள் ஆத்தாளுக்கும் ஒரு வாசல் அமைத்துவிட்டார்கள். அம்மை வந்தால் அடுத்தவர் கிட்டே வரமாட்டார். அவள் மட்டும்தான் வருவாள் என்ற நம்பிக்கை அவர்களுடையது.

ஈஸ்டர் வாரத்தில் இங்கே நிற்க இடம் கிடைக்காது. தோட்டத்தில் பெரிய வெள்ளிக்கு விடுமுறை விடுவார்கள் என்பதால் அன்றைக்கே பூசையை வைத்துக்கொண்டார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது என்கிறார்கள் பெரியவர்கள். நாங்கள் போனது ஆடி ஞாயிற்றுக்கிழமை. கூட்டமில்லை. எலுமிச்சை மாலை சாத்தி, கண்குளிரப் பார்த்துவிட்டு சாட்ஸ்வொர்த்துக்குக் கிளம்பினோம்.

சாட்ஸ்வொர்த், நிறவெறி அரசு 1960-களில் இந்தியர்களை டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுவந்து போட்ட ஊர். வீட்டை இழந்து வந்தவர்கள் தெருவுக்குத் தெரு கோயில் கட்டினார்கள். அப்படி ஒரு சின்ன அம்மன் கோயிலில்தான் அன்றைக்குக் கூழ் ஊற்று.

இங்கே கூழ் கேழ்வரகில் இல்லை, வெள்ளை மக்காச்சோள மாவில். மீலி மீல் என்பார்கள். தோட்டத்துக் காலத்தில் அரிசிக்குப் பதிலாக அளந்து போட்ட அதே மாவு. முதல் நாள் ராத்திரியே கரைத்துப் புளிக்க வைத்துவிடுகிறார்கள். விடியற்காலையில் சமையல்கட்டுக்குள் நுழைந்தால் புளிப்பு வாசனையும் விறகுப் புகையும் சேர்ந்து முகத்தில் அடிக்கிறது. ஆடி இங்கே குளிர்காலம். அண்டாவைச் சுற்றி நிற்பதே சுகமாக இருந்தது. கொதிக்கிற தண்ணீரில் ஒருவர் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற, இரண்டு பேர் நீளமான மரத்துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டுகிறார்கள். ஆறிய பிறகு உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், அமாசி. அமாசி என்பது இந்த மண்ணின் ஜூலு இனத்தவர் வீடுகளில் உறைய வைக்கும் கெட்டிப் புளிப்புப் பால். நம்மூர் மோரைவிட இந்தக் கூழுக்கு அதுதான் பொருந்துகிறது, மனசாரச் சொல்கிறேன்.

சமையல்கட்டு முழுக்க ஓர் ஆயாவின் கையில். எண்பதை நெருங்குகிற வயசு. தமிழ் பேசுகிற கடைசித் தலைமுறை. பேரன் பேத்திகளுக்கு ஆங்கிலம்தான். ஆனாலும் அவர்கள் ஆயா அதட்டினால் தமிழிலேயே புரிந்துகொள்கிறார்கள்.

முதல் கிண்ணம் அம்மன் முன்னால் போனது. கரகத்தைச் சுற்றி வேப்பிலை. போதாததற்கு சிரிங்கா என்கிற மரத்தின் இலையையும் வேப்பிலையாகவே வைத்துக் கட்டியிருந்தார்கள். தீபாராதனை முடிந்தது. இரண்டாவது கிண்ணம் நிர்வாகிகளுக்கு வரும் என்று பார்த்தால், நேரே வாசலுக்குப் போனது. வாசலில் வரிசை. பக்கத்துத் தகரக் கொட்டகைக் குடியிருப்புகளிலிருந்து வந்த ஜூலுப் பாட்டிகள், வாளியோடு சிறுவர்கள், வேலை போன நம் ஆட்கள், எல்லோரும் ஒரே வரிசையில். இந்த நாட்டில் வேலை தேடுகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலையில்லை. வரிசை நீளத்தான் செய்யும்.

ஒரு பையன் கைப்பேசியைத் தூக்கினான். ஆயா கரண்டியை நீட்டிவிட்டார். "சாமிய எடு. சாப்புடுறவங்கள எடுக்காத." அவ்வளவுதான், பையன் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டான். தர்மம் செய்கிற எத்தனையோ இடங்களில் வாங்குகிறவர் தலைகுனிந்து நிற்கிற படத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு வெறுத்திருந்தது. அந்தக் கரண்டியைக் கும்பிடலாம் போல இருந்தது.

வரிசையில் வந்த ஒரு ஜூலுப் பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு ஆயாவிடம் ஏதோ சொன்னார். ஆயாவும் ஜூலுவிலேயே பதில் சொன்னார். என்னவென்று கேட்டேன். "இன்னும் அரை நாள் புளிச்சிருக்கணுமாம். குளிருல மாவு மெதுவாத்தான் புளிக்கும், கோகோ சொல்றது சரிதான்." கோகோ என்றால் ஜூலுவில் பாட்டி. வாங்குகிறவர் குறை சொல்ல, கொடுக்கிறவர் ஒப்புக்கொள்கிற இடம். நான் இதைத்தான் தரிசனம் என்கிறேன். 2021 ஜூலைக் கலவரத்தில் இந்தியர்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் நடுவே விழுந்த காயம் முழுக்க ஆறிவிடவில்லை. அதைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவர்களுக்கு இந்த இரண்டு கிழவிகளின் பேச்சு சாதாரணமாகத் தெரியாது.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் கொட்டிய மழையில் டர்பன் வட்டாரத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சித்திரை முதல் நாள் 14, பெரிய வெள்ளி 15. திருவிழாவுக்கு வாங்கிவைத்த அரிசி, பருப்பு எல்லாம் அந்த வாரம் வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்குச் சோறாகப் போய்விட்டதாம். "அம்மாவுக்கு அடுத்த வருசம் செஞ்சுக்கலாம், அவ கோவிச்சுக்க மாட்டா" என்றார் ஆயா.

ஆடி முடிந்தால் பசி முடிவதில்லை என்பது இவர்களுக்குத் தெரியும். வாரம் ஒருநாள் சமையல் உண்டு. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது சீருடை, காலணி. சாவு வீட்டுக்கு மாவு மூட்டையும் எண்ணெயும். இந்த மண்ணுக்கு இது புதிதும் இல்லை. ஆதரவற்றவர்களுக்கான ஆரிய பெனவலன்ட் ஹோம் 1921-இலேயே டர்பனில் தொடங்கியது. 1949-இல் இங்கே தெய்வ நெறிக் கழகத்தை (டிவைன் லைஃப் சொசைட்டி) நிறுவிய சுவாமி சகஜானந்தா, கிராமப்புறத்து ஜூலுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் கட்டுவதையே பூசையாகச் செய்தவர். ஆனால் பெரிய அமைப்புகளின் பெயராவது வெளியே தெரிகிறது. தெருக்கோயில் அடுப்படியில் நிற்கிற பெண்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஆடியில் டர்பன் வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை சாட்ஸ்வொர்த் பக்கம் போய்ப் பாருங்கள். எந்தக் கோயிலில் கூழ் என்று பூக்கடையில் கேட்டால் சொல்வார்கள். பட்டுப்புடவை அம்மனுக்கு நிறைய வருகிறது. நீங்கள் சமையல் எண்ணெயும் பருப்பும் வாங்கிக்கொண்டு போங்கள். சீக்கிரம் போனால் துடுப்புப் பிடிக்கவும் விடுவார்கள்.